கம்பெனி தப்பு பண்ணா கூண்டுல யாரு நிக்கிறது?

கேள்வி: கம்பெனியும் சட்டப்படி ஒரு ஆள்தான்னு சொல்றாங்களே, அது எப்படிங்க?

பதில்: சொத்து வாங்குறது, கடன் வாங்குறது, கேஸ் போடுறது, கேஸ்ல மாட்டுறது, இது எல்லாமே கம்பெனி பேர்லயே நடக்குது இல்லையா, அந்த அர்த்தத்துலதான் ஆள். 1896ல இங்கிலாந்துல சாலமன்னு ஒரு ஷூ தயாரிப்பாளர் கேஸ், அப்ப அங்க மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமா இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போச்சு. கம்பெனியோட 20,007 ஷேர்ல 20,001 அவர் கையில, மிச்சம் ஆறு மனைவி, பிள்ளைங்க கிட்ட ஆளுக்கு ஒண்ணு. கம்பெனி நொடிச்சதும் பாக்கிய அவர்தான் கட்டணும்னு கேட்டாங்க, அவரு வேற கம்பெனி வேறன்னு தீர்ப்பு வந்துடுச்சு. அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், போட்ட காசு மட்டும்தான் போகும், வீடு வாசல் போகாதுன்னு தெரிஞ்சாதானே யாரும் தொழில்ல பணம் போடுவாங்க. ஆனா கடனுக்காகக் கட்டின சுவருக்குப் பின்னாடி, உயிர் போன விஷயத்துலயும் ஆளுங்க போய் நிக்கிறாங்க பாருங்க, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

கேள்வி: அத்தனை பேர் செத்தும் மேலிடத்துல ஒருத்தரும் மாட்டலன்னு அடிக்கடி படிக்கிறோம். கோர்ட்ல அப்படி என்னதான் நடக்குது?

பதில்: ஒரு கப்பல் கதை சொன்னா புரியும். 1987 மார்ச் 6, பெல்ஜியத்துல ஸீப்ரூகே துறைமுகத்துலேர்ந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்னு ஒரு ஃபெர்ரி கிளம்புச்சு. கார் ஏத்துற முன்பக்கக் கதவு திறந்தபடியே கிளம்பிடுச்சு. மூட வேண்டியவர் கேபின்ல தூங்கிட்டாரு, கேப்டன் நிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா கதவு மூடியிருக்கா இல்லையான்னே தெரியாது. தண்ணி உள்ள பாய்ஞ்சு கொஞ்ச நேரத்துல கப்பல் சாஞ்சுடுச்சு, 193 பேர் போயிட்டாங்க. இதுல என் மனசை விட்டுப் போகாதது ஒண்ணு இருக்கு. கதவு மூடியிருக்கான்னு காட்ட மேல ஒரு சின்ன விளக்கு வைங்கன்னு அந்தக் கம்பெனியோட கேப்டன்களே முன்னாடியே எழுதிக் கேட்டிருக்காங்க, ஆபீஸ்ல அதைத் தட்டிக் கழிச்சுட்டாங்க. ஒரே ஒரு விளக்குங்க.

விசாரணைக் கமிஷன், மேலேர்ந்து கீழ வரைக்கும் அலட்சியம்ங்கற நோய்னு எழுதுச்சு. ஆனா 1990ல கிரிமினல் கேஸ் நிக்கல, ஏன்னா கம்பெனிய தண்டிக்கணும்னா அதோட மூளைன்னு சொல்லக்கூடிய ஒரு பெரிய ஆள் மேலயே முழுக் குத்தத்தையும் நிரூபிச்சாகணும்னு அப்ப சட்டம், இங்கயோ தப்பு பத்துப் பேர்கிட்ட துண்டு துண்டா சிதறிக் கிடக்கு. கம்பெனி பெருசாக ஆக அந்த ஒரு ஆளைப் பிடிக்கிறதும் கஷ்டம், அதனால சின்ன முதலாளி மாட்டுவாரு, பெரிய கம்பெனி வெளிய வந்துடும். 2007ல பிரிட்டன் புதுச் சட்டம் கொண்டு வந்தப்புறம்தான் நிர்வாகம் நடந்த விதத்தையே மொத்தமா எடுத்துப் பார்க்க முடிஞ்சது. அதுலயும் தண்டனை கம்பெனிக்கு மட்டும்தான், தனி ஆளைப் பிடிக்கணும்னா வேற சட்டத்துலதான் போகணும்.

கேள்வி: பெருசா ஃபைன் போட்டா பயப்பட மாட்டாங்களா?

பதில்: ஃபைனைக் கட்டுறது யாருன்னு பாருங்க. முடிவெடுத்தவர் பாக்கெட்லேர்ந்து ஒரு பைசா போகாது, ஷேர் வச்சிருக்கவங்க பணம்தான் போகும். போயிங் 737 மேக்ஸ் விமானம் 2018ல இந்தோனேஷியாவுலயும் 2019ல எத்தியோப்பியாவுலயும் விழுந்து 346 பேர் செத்தாங்க. 2021ல அமெரிக்க அரசோட போயிங் போட்ட ஒப்பந்தம் 250 கோடி டாலருக்கு மேலன்னு தலைப்புச் செய்தி வந்துச்சு, ஆனா அதுல கிரிமினல் அபராதம் 24 கோடி சொச்சம்தான், பெரும்பகுதி விமானம் வாங்கின ஏர்லைன்ஸுக்கு நஷ்டஈடு. அதனால தொகையைப் பார்த்து மலைச்சுடாதீங்க, எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் படிங்க.

கேள்வி: தாய்க் கம்பெனி வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு, "அது தனி கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தம் இல்ல"ன்னா என்ன பண்றது?

பதில்: போபால்ல அதுதான் நடந்துச்சு. 1984 டிசம்பர்ல விஷவாயு கசிஞ்ச அந்த ஃபேக்டரிய நடத்தின இந்தியக் கம்பெனியில பாதிக்கு மேல, 50.9 சதவீதம், அமெரிக்க யூனியன் கார்பைடு கையில. வாயுவைக் குளிரா வைக்க வேண்டிய மெஷினை மாசக்கணக்கா நிறுத்தி வச்சிருந்தாங்க. 1989ல 47 கோடி டாலர்ல சிவில் வழக்கு செட்டில் ஆச்சு. இந்தியக் கம்பெனி அதிகாரிங்களுக்கு 2010ல ரெண்டு வருஷம்னு தண்டனை வந்துச்சு, அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் கோர்ட்ல நிக்காமலே 2014ல காலமாயிட்டாரு.

ஆனா இப்ப கொஞ்சம் கதவு திறந்திருக்கு. ஜாம்பியாவுல செப்புச் சுரங்கக் கழிவால தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஊர்க்காரங்க லண்டன்ல, அந்தச் சுரங்கத்தோட தாய்க் கம்பெனியான வேதாந்தா மேல கேஸ் போட்டாங்க, 2019ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் இதை இங்கயே விசாரிக்கலாம்னு சொல்லிடுச்சு. சுற்றுச்சூழல் தரத்தை நாங்களே மேற்பார்வை பண்றோம்னு தாய்க் கம்பெனி வெளியிட்ட அறிக்கைகளையும் கோர்ட் கணக்குல எடுத்துக்கிச்சு. அதனாலதான் சொல்றேன், கம்பெனி வெளியிடுற பளபள ரிப்போர்ட்டை விளம்பரம்னு தூக்கிப் போடாதீங்க, பத்திரமா வைங்க.

கேள்வி: போர்டுல சுயேச்சை இயக்குநர்கள் இருந்தும் மோசடி நடக்குதே?

பதில்: சத்யம்ங்கற ஐடி கம்பெனியோட போர்டுல, அதாவது இயக்குநர் குழுவுல, நிர்வாகத்தைச் சாராம கண்காணிக்க வேண்டிய சுயேச்சை இயக்குநர்களா பெரிய படிப்பாளிங்க இருந்தாங்க. 2008 டிசம்பர்ல தலைவர் குடும்பத்தோட கம்பெனிகளை வாங்குற தீர்மானத்துக்கு அந்த போர்டு ஒப்புதல் கொடுத்துச்சு, முதலீட்டாளருங்க கொந்தளிச்சதும்தான் வாபஸ். 2009 ஜனவரி 7ல கணக்கே பொய்னு தலைவர் கடிதம் வந்துச்சு. இப்ப 2013 கம்பெனி சட்டப்படி ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன கம்பெனில மூணுல ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் இருக்கணும், தெரிஞ்சும் சம்மதிச்சிருந்தாலோ அக்கறையா நடந்துக்கலைன்னாலோ அவங்களும் மாட்டுவாங்க. அதனால எதிர்ப்பு இருந்தா வாயால சொன்னா பத்தாது, மினிட்ஸ்ல, அதாவது கூட்டத்துல நடந்ததை எழுதி வைக்கிற குறிப்புல, ஏத்தச் சொல்லணும்.

கேள்வி: நான் பத்து ஷேர் வச்சிருக்கவன். எனக்கு என்ன உரிமை?

பதில்: அதே 2013 கம்பெனி சட்டத்துல, பங்குதாரர் பொதுக்கூட்ட மினிட்ஸை நீங்க காசு கொடுக்காம போய்ப் பார்க்கலாம், காப்பி கேட்டா ஏழு வேலை நாளுக்குள்ள கொடுக்கணும். போர்டு மினிட்ஸ் அப்படிக் கிடைக்காது, நிறைய பேர் இதுலதான் குழம்பிக்கிறாங்க. நூறு பங்குதாரர் சேர்ந்தா கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துல கூட்டு வழக்கும் போடலாம், இயக்குநர் மேல மட்டுமில்ல, ஆடிட்டர் மேலயும். முதல்ல இந்த வருஷ ரிப்போர்ட்ல ஆடிட்டர் குறிப்பை எடுத்து முழுசாப் படிங்க, புரியாத வரி இருந்தா எழுதி அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.