யாருக்கு அந்த 'ங்க'?

அன்புள்ள ஐயா,

எங்கள் பையனுக்கு ஐந்து வயது. கோவையில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவன் தன் அப்பாருவை, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவைப் பார்த்து, "நீ இங்க வா, உட்காரு" என்றான். எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. வேலைக்காரிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டாரெல்லாம் அவனுக்கு அங்கிள், ஆன்ட்டிதான். நம் கொங்குத் தமிழின் மரியாதை இந்தத் தலைமுறையோடு போய்விடுமா? அடித்தாவது பழக்க வேண்டுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள அம்மணி,

அங்கிள், ஆன்ட்டியை விடுங்கள். இங்கிலீஷ் மீடியத்தின் மேலும் பழி போடாதீர்கள். ஐந்து வயதுப் பேரன் அப்பாருவை 'வா' என்பது உரிமை. பெற்றவளை 'நீ, வா, போ' என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நம்மில் பலரும்.

எனக்கு உறுத்தியது வேறு வரி. 'வேலைக்காரிகூட சிரித்தாள்.' அந்த அம்மாவுக்கு என்ன வயது? உங்களைவிட மூத்தவர் என்றால் அந்த 'ள்' எங்கிருந்து வந்தது?

காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எங்கள் ஊர். பக்கத்துத் தோட்டத்துப் பையனுக்கு ஏழெட்டு வயதிருக்கும். அம்மாவைப் பெற்ற அப்புச்சி வந்தால் "வாங்க அப்புச்சி, சாப்பிட்டீங்களா" என்பான். கேட்கிறவர்களுக்கு நெஞ்சு குளிரும். அதே வாய், மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நரைத்த தலைக்காரரை "டேய், இங்க வாடா" என்று கூப்பிடும். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வந்துட்டனுங்க சின்னப் பண்ணாடி" என்று ஓடி வருவார். பண்ணாடி என்றால் எங்கள் பக்கம் பண்ணைக்கார முதலாளி. திண்ணையில் இருந்த பெரியவர்கள் ஒருவரும் பையனைத் திருத்தவில்லை. அவர்களைப் பார்த்துத்தானே பழகினான்! யாருக்கு 'ங்க', யாருக்கு 'டா' என்று ஏழு வயதுக்குள் பிசகில்லாமல் படித்துவிட்டான். நீங்கள் போய்விடுமோ என்று அழுகிற மரியாதையில் இதுவும் சேர்த்திதான்.

பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்தினால் தண்டிக்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அந்த 'டா' இன்று பல இடங்களில் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆனால் 'வாங்க' வந்ததா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். "எப்ப வந்தது? சாப்பிட்டாச்சா? நாளைக்கு வேலைக்கு வர்றதுதானே?" நீ என்றும் சொல்லாமல், நீங்க என்றும் சொல்லாமல், மொட்டையாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடுவது. வயதில் மூத்த மனிதருக்கு ஒரு 'ங்க' போட நாக்கு இத்தனை வளைந்து ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. திருப்பூரில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பனியன் கம்பெனியில் உழைப்பவர்களுக்கும் "ஏய், இங்க வா"தான். பாஷை புரியாவிட்டாலும் அந்தத் தொனி புரியாதா?

நம் ஈரோட்டுக்காரர் பெரியார், தம்மைவிட எத்தனையோ வயது இளையவர்களையும் 'வாங்க, போங்க' என்றே பேசினார். பழகியவர்கள் பலர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளிலும் மடியில் கிடக்கிற குழந்தையை "வாங்க கண்ணு, சாப்பிடுங்க சாமி" என்று கொஞ்சுவோம். அவ்வளவு தாராளமாக இருக்கிற சொல், வாசல் பெருக்குகிறவரிடம் மட்டும் ஏன் சிக்கனமாகிறது?

பையனை அடிக்காதீர்கள், அம்மணி. அவன் கண்ணு, தானாக வருவான். நாளைக் காலையில் அந்த அம்மா வந்ததும், அவன் பக்கத்தில் இருக்கும்போது, "வாங்கக்கா, காப்பி குடிச்சீங்களா?" என்று நீங்கள் கேளுங்கள். காப்பியை நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே கொடுங்கள்.