கேம் ஆடினால் மூளை கூர்மையாகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீடியோ கேம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பள்ளி விட்டு வந்ததும் துப்பாக்கிச் சண்டை கேம்தான். திட்டினால், "இது மூளைக்கு நல்லதும்மா, விஞ்ஞானிகளே சொல்லியிருக்காங்க" என்கிறான். கதை விடுகிறானா?

பதில்: கதை இல்லை அம்மா. தனக்கு வேண்டிய பாதியை மட்டும் சொல்கிறான்.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷான் கிரீன், டாஃப்னி பவேலியர் இருவரும் செய்த ஆய்வு 2003இல் நேச்சர் இதழில் வந்தது. கேம் பழக்கம் இல்லாதவர்களில் ஒரு குழுவுக்கு மெடல் ஆஃப் ஹானர் என்ற போர் கேமும், இன்னொரு குழுவுக்கு மேலிருந்து விழும் துண்டுகளைத் திருப்பி அடுக்கும் டெட்ரிஸும் கொடுத்தார்கள். போர் கேம் ஆடியவர்களுக்குப் பார்வையின் ஓரத்தில் தோன்றி மறைவதைப் பிடிப்பது, அடுத்தடுத்து மின்னி மறைபவற்றைத் தவறவிடாமல் கவனிப்பது போன்ற திறன்கள் கூடியிருந்தன. டெட்ரிஸ் ஆடியவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. ஒன்றுக்கொன்று நெருக்கமான சாம்பல் சாயல்களைப் பிரித்தறியும் பார்வைத் திறனும் இப்படிப் பழக்கினால் கூடும் என்று பவேலியர் குழு 2009இல் காட்டியது.

கூடியதெல்லாம் கண்ணும் கவனமும் சேர்ந்து செய்யும் வேலை என்பதைப் பாருங்கள். கணக்கு, கட்டுரை, பொறுமை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இதிலும் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. 2018இல் சைக்கலாஜிக்கல் புல்லட்டின் என்ற ஒரே இதழில், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இரண்டு கட்டுரைகள் வந்தன. ஆக்‌ஷன் கேம் பயிற்சிக்கு ஓரளவு பலன் உண்டு என்றது ஒன்று. பலன் மிகச் சிறியது, இல்லையென்றே சொல்லிவிடலாம் என்றது மற்றது. கவனம் சார்ந்த பலன் உண்மை, ஆனால் தலைப்புச் செய்திகள் ஊதிக் காட்டும் அளவுக்கு இல்லை என்பது என் கணிப்பு.

அப்புறம், பையனிடம் இதையும் சொல்லிவிடுங்கள். அந்த 2003 ஆய்வில் ஆடச் சொன்னது நாளுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 10 நாள்.

கேள்வி: வயது 66. பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. ஞாபகசக்திக்கென்றே இருக்கும் 'மூளைப் பயிற்சி' ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டலாமா?

பதில்: பொழுதுபோக்காகப் பிடித்திருந்தால் கட்டுங்கள் ஐயா. ஞாபகசக்திக்காக என்றால் வேண்டாம் என்பேன்.

11,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஒரு பெரிய சோதனை 2010இல் நேச்சரில் வெளியானது. ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்தார்கள். எந்த விளையாட்டைப் பழகினார்களோ அதில் எல்லோரும் தேறினார்கள். அதற்கு மிக நெருக்கமான வேறு சோதனை வைத்தபோதுகூட அந்தத் தேர்ச்சி கூடவே வரவில்லை. லுமாசிட்டி என்ற ஆப் முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்ற ரீதியில் விளம்பரம் செய்து, ஆதாரம் காட்ட முடியாமல் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது.

மறுபக்கமும் உண்டு. கலிபோர்னியாவில் ஆடம் கசாலி என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு நியூரோரேசர் என்று ஒரு கேமைத் தாங்களே வடிவமைத்தது. வண்டி ஓட்டிக்கொண்டே, குறிப்பிட்ட அடையாளம் திரையில் வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். 60 முதல் 85 வயது வரை உள்ளவர்கள் ஒரு மாதம் பழகியதில், இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யும் திறன் நன்றாகக் கூடியது. பழகாத வேறு சில கவனச் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2013இல் வந்த ஆய்வு இது. ஆய்வகத்தில் ஒரு குறிப்பிட்ட குறைக்காகவே செதுக்கிய கேம் அது. கடையில் கிடைக்கும் எல்லா ஆப்புக்கும் அந்தப் பெருமையை எழுதிவைக்க முடியாது.

பெயர் சட்டென்று வராமல், சற்று நேரம் கழித்து வருவது வயதானால் சகஜம். பழகிய பாதை குழம்புகிறது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவம் படிக்கிறேன். கேம் ஆடும் சர்ஜன்கள் நன்றாக ஆபரேஷன் செய்வார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். கிண்டலா, நிஜமா?

பதில்: நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2007இல் ஆர்கைவ்ஸ் ஆஃப் சர்ஜரி இதழில் 33 அறுவை மருத்துவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் வைத்து ஜேம்ஸ் ராசர் குழு செய்த ஆய்வு வந்தது. முன்பு வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடியவர்கள், லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பயிற்சிகளில் 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், 27 சதவீதம் வேகமாக முடித்தார்கள்.

காரணம் யோசித்தால் புரியும். லேப்ராஸ்கோபியில் கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில். உடம்புக்குள் நடப்பதைத் தட்டையான திரையில் பார்த்து ஆழத்தை ஊகிக்க வேண்டும். கருவி சிறு துளை வழியே போவதால் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் முனை வலப்பக்கம் போகும். திரையைப் பார்த்துக்கொண்டே, பார்க்காத கையால் நுணுக்கமாக இயக்குவதுதானே கன்ட்ரோலர் பிடித்தவன் சிறு வயது முதல் செய்துவருவது! இரண்டு வேலைக்கும் உள்ளே ஒரே அமைப்பு இருப்பதால் பழக்கம் கைகொடுக்கிறது. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு இதே உதவி இருக்கும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

ஓர் எச்சரிக்கை: சோதனை நடந்தது பயிற்சிப் பெட்டியில், நோயாளியிடம் இல்லை. கை லாகவம் உள்ளவர்களே கேமையும் விரும்பி ஆடியிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் இந்த ஆய்வு தீர்க்கவில்லை. தேர்வுக்கு முந்தின இரவு ஆடுவதற்கு இதைச் சாக்காக்காதீர்கள், தம்பி.

கேள்வி: கார் ரேஸ் கேமில் கில்லாடி நான். ஓட்டுநர் பயிற்சிக்குப் போகாமல் கற்றுக்கொள்ள முடியாதா?

பதில்: முடியாது. நிஸானும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 2008இல் ஆரம்பித்த ஜிடி அகாடமி, கிரான் டூரிஸ்மோ என்ற கார் ரேஸ் கேமில் ஜெயித்தவர்களை நிஜ பந்தய ஓட்டுநர்களாக்கியது. முதல் வெற்றியாளர் லூகாஸ் ஓர்டோன்யஸ் 2011இல் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் ஓட்டினார். நீங்கள் சொல்ல நினைப்பது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் இடையில் அவர்களுக்கு நிஜக் காரில் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். வளைவு எங்கே வரும், எங்கே பிரேக் போட வேண்டும் என்பது கேமிலிருந்து வரும். வண்டி வழுக்கும்போது முதுகில் உணரும் அசைவு வராது. சாலையில் எதிரே வருபவர் என்ன செய்வார் என்ற ஊகமும் வராது. கேமில் மோதினால் மறுபடி தொடங்கலாம் என்ற பழக்கம் வேறு ஊறிப்போயிருக்கும். பயிற்சிக்குப் போங்கள்.

கேள்வி: டெட்ரிஸ் ஆடினால் புத்திக்கூர்மை கூடுமா?

பதில்: டெட்ரிஸ் துண்டுகளைத் திருப்பிப் பார்க்கும் திறன் கூடும். தேர்ந்த டெட்ரிஸ் ஆட்டக்காரர்கள் அந்த வடிவங்களை மனதில் திருப்புவதில் மற்றவர்களைவிடத் தேவலை, வேறு வடிவங்களில் அப்படியில்லை என்று 2002இலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

கேள்வி: ஆன்லைன் கேமில் பெரிய குழு ஒன்றைத் தலைமை தாங்கி நடத்துகிறேன். வேலைக்கான பயோடேட்டாவில் இதைப் போடலாமா?

பதில்: போடலாம், கேமின் பெயரையும் உங்கள் லெவலையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு. வெவ்வேறு நாட்டுக்காரர்களின் நேரத்தை ஒத்திசைத்தது, சண்டை போட்ட இருவரைச் சமாதானம் செய்தது, தோற்றபின் உட்கார்ந்து எங்கே பிசகியது என்று அலசியது, புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுத்தது என்று செய்ததைச் சொல்லுங்கள். நேர்காணலில் யாராவது துருவிக் கேட்டால் ஓர் உதாரணமாவது விளக்கமாகச் சொல்ல வர வேண்டும். வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுவதே நல்லது. கேம் என்றாலே முகம் சுளிக்கும் நிறுவனங்களும் உண்டு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் அடிமைத்தனம்?

பதில்: மணிக்கணக்கு வைத்து யாரும் சொல்வதில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' இடம்பெற்றிருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதையே வைப்பது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, படிப்பையோ வேலையையோ குடும்பத்தையோ கணிசமாகப் பாதிக்க வேண்டும். அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். விடுமுறையில் ஒரு வாரம் இரவு பகலாக ஆடியவரை இதில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: 45 வயது, கேம் தொட்டதே இல்லை. மூளைக்கு நல்லது என்று ஏதாவது ஒன்று ஆரம்பிக்க ஆசை. எது?

பதில்: முதலில் எதில் தேற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வேகமாகக் கவனிக்க வேண்டுமா, ஆக்‌ஷன் கேம். திட்டமிட்டு யோசிக்கப் பிடிக்குமா, வியூக கேம். கேமரா சுழலும் முப்பரிமாண கேம்கள் புதியவர்களுக்குத் தலைசுற்றலைக் கொண்டுவரலாம். அப்படி ஆனால் நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் மட்டும் நகரும் கேமுக்கு மாறிக்கொள்ளுங்கள். சுலபமாக ஜெயிக்க ஆரம்பித்ததும் கடின நிலையை ஒரு படி ஏற்றுங்கள். நியூரோரேசரிலும் ஆடுபவர் தேறத் தேற கேம் தானாகவே கடினமாகும்படிதான் அமைத்திருந்தார்கள்.