"மூழ்கி இறந்தனர்" என்று எழுதலாமா? பழைய நிருபரின் கேள்வி பதில்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் துப்பாக்கிச்சூடு, காவல் மரணம், விசாரணை ஆணையம் ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

அம்பாசமுத்திரம் மாணவி: 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் மாண்ட 17 பேரை "ஆற்றில் மூழ்கி இறந்தனர்" என்று எழுதலாமா, ஐயா?

அது பாதியில் நின்றுபோன வாக்கியம், அம்மா. கூலி உயர்வும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வந்தவர்கள், கொக்கிரகுளத்தில் தடியடிக்கு ஆளாகி, கரைப்பக்கம் விரட்டப்பட்டுத் தாமிரபரணியில் விழுந்தார்கள். குறுக்குத்துறையில் ஆடிப் பெருக்குக்கு நீராட இறங்குவதுபோல் அவர்கள் இறங்கவில்லை. உயிர் எப்படிப் பிரிந்தது என்பதைப் பிணக்கூராய்வு சொல்லும். அந்த உடல் தண்ணீருக்குள் எப்படிப் போனது என்பதைச் சாட்சிதான் சொல்ல வேண்டும். இறந்தவர்களில் இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தையும் உண்டு. அது தானாக ஆற்றில் இறங்கியிருக்காது. என் முதல் செய்தியில் நானும் "மூழ்கி" என்றே எழுதினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆவணத்தைப் பார்க்காமல் எழுதாதீர்கள். பார்த்த பிறகும் அதன் வினைச்சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெருமாள்புரம், ஓய்வுபெற்ற காவலர்: கூட்டம் கல்லெறிந்ததை விட்டுவிட்டீர்களே?

கல்லெறி நடந்ததாகக் காவல்துறை சொன்னதை என் கட்டுரைகளில் பதிந்தே வந்திருக்கிறேன். ஆனால் கல்லெறிந்தவரைப் பிடிப்பது வேறு, கைக்குழந்தையோடு ஓடுபவரை ஆற்றுவரை துரத்துவது வேறு.

மீண்டும் அவரே: உங்களுக்குக் காக்கி என்றாலே ஆகாது.

அப்படி இருந்தால், 2020 சாத்தான்குளம் காவல் மரணங்களில் பெண் தலைமைக் காவலர் ஒருவர் நீதித்துறை நடுவரிடம் கொடுத்த வாக்குமூலத்தை நான் இத்தனை மதித்து எழுதியிருக்க மாட்டேன். அவர் அணிந்திருந்ததும் காக்கிதான், அண்ணாச்சி. அடுத்து நீங்கள் அனுப்பிய நான்கு கேள்விகளும் இதையே சொல்வதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாங்குநேரி வாசகர்: ஆணையம் குற்றவாளி என்று சொன்ன பிறகும் ஏன் தண்டனை இல்லை?

ஆணையம் நீதிமன்றம் அல்ல. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி அது விசாரித்துப் பரிந்துரைக்கும்; வழக்குத் தொடர்வது அரசின் கையில் இருக்கிறது. அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கையைக் குறிப்பிட்டு, அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச்சூடு பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் தரப்பட்டு, அக்டோபரில் அவைக்கு வந்தது. அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் கேள்வி கேட்பதுதான் நிருபரின் வேலை.

மூன்று பேர் ஒரே கேள்வி: முதல் தகவல் அறிக்கையை எங்கே பார்ப்பது?

காவல்துறை இணையதளத்தில். நுண்ணுணர்வு வாய்ந்த வழக்குகள் நீங்கலாக மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படித்துவிட்டு எழுதுங்கள்.

தென்காசி வாசகர்: மணியாச்சியில் 1911இல் நடந்த ஆட்சியர் ஆஷ் கொலை அரசியல் வன்முறையா?

அது வரலாற்று ஆசிரியர்களைக் கேட்க வேண்டியது. அவர்களிடம் போகும்போது, வ.உ.சி. கைதை எதிர்த்து மக்கள் திரண்டபோது 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் செத்த நால்வரைப் பற்றியும் கேளுங்கள்.

வள்ளியூர் வாசகர்: முதல் தகவல் அறிக்கை எங்கே கிடைக்கும்?

மேலே பாருங்கள்.