எம்ப்ராய்டரி டஃபல் பை: கேட்டவர்களுக்குப் பதில்

பை தைப்பதும் எம்ப்ராய்டரி போடுவதும்தான் என் தொழில். டஃபல் பை, அதாவது உருண்டு நீண்ட துணிப் பை, பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, ஆபீஸ், ஜிம், ஊர்ப்பயணம் மூன்றுக்கும் ஒரே பை போதுமா? எத்தனை லிட்டர் வாங்கலாம்?

30 முதல் 35 லிட்டர் போதும். 40-ஐத் தாண்டினால் ஆபீஸ் மேசைக்கு அடியில் வைக்க இடிக்கும், பாதி காலியாகத் தொங்கும். விமானத்தில் கையோடு கொண்டுபோகப் பல நிறுவனங்கள் 7 கிலோதான் விடுகின்றன, அதனால் காலிப் பையின் எடையையும் கேளுங்கள். கனமான கேன்வாஸ் பையே அதில் கணிசமாகத் தின்றுவிடும். டஃபல் மெத்தென்று இருப்பதால் நிரப்பினால் உப்பிக்கொள்ளும், நீள அகலத்தை நிரப்பிய பிறகு அளந்து பாருங்கள்.

தினமும் தூக்கிக்கொண்டு போனால் எம்ப்ராய்டரி பிசிறு பிசிறாக வந்துவிடாதா?

எந்த இடத்தில், எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாட்டின் தையலில் நூல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவல் 7, 8 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சாவி, வளையல், ஜிப்பின் இழுப்பான் என்று கண்டதிலும் மாட்டும், ஆகவே பெரிய இதழ்களையெல்லாம் நிரப்புத் தையலில் (குட்டிக் குட்டித் தையல்களாக நெருக்கி நிரப்புவது) போட்டிருக்க வேண்டும். தோளில் மாட்டும்போது உடம்போடு உரசும் பக்கத்தில் வேலைப்பாடு இருக்கவே கூடாது (கடையில் மாட்டிப் பார்க்காமல் வாங்குபவர்கள்தான் அதிகம்!). லைனிங் இல்லாத பை என்றால் உள்பக்கத்தைப் புரட்டுங்கள்: சாட்டின் கோட்டின் பின்புறம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அடிநூல் (மெஷினின் கீழே பாபினிலிருந்து வரும் நூல்), இரண்டு ஓரமும் மேல்நூல் தெரிந்தால் நூலின் இழுவிசை சரி. அடிநூல் முன்பக்கம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் வேண்டாம். நூல் இழுபட்டால் வெட்டாதீர்கள், ஊசியால் பின்பக்கம் தள்ளிவிட்டால் போதும்.

ரேயான் நூலா, பாலியஸ்டர் நூலா?

பாலியஸ்டர். ரேயானின் பளபளப்பு அழகுதான், ஆனால் ஈரத்தில் பலம் குறையும், வெயிலிலும் ப்ளீச்சிலும் சீக்கிரம் வெளுக்கும். வியர்வைத் துணி போகிற பைக்கு அது சரிப்படாது.

வாட்டர்ப்ரூஃப் நைலான் பையில் பெயர் போட்டு வாங்கலாமா?

ஒவ்வொரு ஊசிக் குத்தும் ஒரு ஓட்டை என்பதை மறக்காதீர்கள். வேண்டுமென்றால் தனித் துணியில் பெயரைப் போட்டு அந்தத் துணியை மட்டும் பையில் ஒட்டச் சொல்லுங்கள். நேராகப் போட்டுவிட்டார்கள் என்றால் பின்பக்கம் சீம் சீலர் (தையல் ஓட்டைகளை அடைக்கும் பசை) தடவலாம்.

ஜிம் நாற்றம் போகத் துவைப்பது எப்படி?

முதலில் ஈர வெள்ளைத் துணியால் நூலைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் முக்காதீர்கள், துடைக்க மட்டும் செய்யுங்கள். ஒட்டவில்லையா, சரி: உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, கையால் அலசல், முறுக்காமல் நிழலில் உலர்த்தல். இஸ்திரி பின்பக்கம் மட்டும். நாற்றம் பெரும்பாலும் ஷூ அறையில்தான் தங்கும், அதற்குக் காற்றுத்துளை உள்ள பையாகப் பாருங்கள்.

ஆபீஸுக்குப் பூப்போட்ட பை ஓவரா இருக்காதா?

துணியின் நிறத்திலேயே ஒரு சாயல் கூட்டியோ குறைத்தோ நூல் எடுங்கள், கிட்டே வந்தால்தான் தெரியும். எனக்குப் பிடித்தது அதுதான்.

பை சீக்கிரம் பழுதாவது எந்த இடத்தில்?

ஜிப்பும் கைப்பிடி சேருமிடமும். ஜிப் 8 அல்லது 10-ஆம் எண் (பற்கள் மூடியபின் கிட்டத்தட்ட அத்தனை மில்லிமீட்டர் அகலம்), கைப்பிடி அடியில் சதுரமும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தையல். இந்த இரண்டும் இல்லாத பைக்கு எம்ப்ராய்டரிக் காசு கொடுக்காதீர்கள்.