ஏழு வயசுப் பையன் பந்தை யாருக்கும் தர மாட்டேங்கிறான், என்ன செய்வது?

ஃபுட்பால் வகுப்பில் சேர்த்து மூன்று மாதம் ஆகிறது, காலுக்குப் பந்து வந்தால் யாருக்கும் தருவதில்லை, கோச் "பாஸ் பண்ணுடா"ன்னு கத்திக்கொண்டே இருக்கிறார், இப்படியே சுயநலமாக வளர்ந்துவிடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டான். ஏழு வயதில் பந்தை விடாமல் வைத்துக்கொள்கிற பையன்தான் எனக்குப் பிடிக்கும். கால் பட்டதும் எங்கேயோ ஒரு உதை விட்டுவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று நிற்கிறானே, அவனைத் தேற்றுவதுதான் பெரும்பாடு.

நான் சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரிக்குக் கிட்டே ஒரு காலி மனையில் ஞாயிறு காலைகளில் ஆறு முதல் பத்து வயது வரைக்கும் பதினெட்டுப் பிள்ளைகளை விளையாட வைக்கிறேன். தொழில்முறை கோச் எல்லாம் இல்லை, காலேஜ் டீமில் ஆடியவன், அவ்வளவுதான். முதல் இரண்டு வருஷம் நானும் தொண்டை கட்டுகிற வரை கத்தியவன்தான். அந்த வயதில் பிள்ளை பந்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை, தலை குனிந்தே இருக்கும், பக்கத்தில் கூட்டாளி நிற்பதே தெரியாது என்பது எனக்கு உறைக்கவே அத்தனை நாள் ஆனது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறவரிடம் தெருவில் யார் போகிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வார்? அந்தக் கதைதான்.

அதனால் முதலில் பந்தோடு தலை நிமிரப் பழக்க வேண்டும். ஆளுக்கொரு பந்து கொடுத்து உருட்டிக்கொண்டே நடக்கச் சொல்வேன், நான் அங்கே இங்கே நகர்ந்தபடி கையைத் தூக்கி மூன்று விரல், ஐந்து விரல் காட்டுவேன், அவர்கள் எண்ணைக் கத்த வேண்டும். சின்ன விஷயம், ஆனால் இரண்டு மாதத்தில் தலை தானாக நிமிரும். அப்புறம் நம்ம லாக் அண்ட் கீ. பந்தில்லாத இரண்டு பேர் துரத்துவார்கள், யாருடைய பந்தை வெளியே தட்டிவிட்டார்களோ அவன் போய்ப் பந்தை எடுத்து வந்து தலைக்கு மேல் பிடித்தபடி காலை அகட்டி நிற்க வேண்டும், வேறொருவன் தன் பந்தை அந்தக் கால்களுக்கு நடுவே உருட்டி விட்டால் அவனுக்கு விடுதலை. இதில் "உதவி செய்" என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. மாட்டிக்கொண்டவன் "டேய் என்னை எடுறா, என்னை எடுறா"ன்னு போடுகிற சத்தத்திலேயே எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள்.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன், நீங்களோ உங்கள் கோச்சோ அதைச் செய்ய வேண்டாம். "எல்லாரும் ஒரு தடவை தொட்ட பிறகுதான் கோல் செல்லும்" என்று ஒரு விதி கொண்டு வந்தேன். கேட்க நன்றாக இருந்தது. ஆட்டம் பாழானது. நன்றாக ஆடாத ஒரு பிள்ளையிடம் சும்மா கணக்குக்கு ஒரு தடவை பந்தைத் தள்ளி உடனே பிடுங்கிக்கொண்டார்கள், அந்தப் பிள்ளை அடுத்த வாரமே வரவில்லை.

இப்போது இரண்டு பேருக்கு எதிராக ஒருவன் என்று விடுகிறேன். எதிரி உன்மேல் வந்தால் கூட்டாளி தனியாக நிற்கிறான், அவனுக்குக் கொடு. எதிரி கூட்டாளியிடம் போனால் வழி உனக்குத் திறந்திருக்கிறது, நீயே போ. பாஸ் என்பதில் முக்கால்வாசி இதுதான். கொடுக்காமல் இருப்பதும் சில நேரம் சரியான முடிவு, அதனால்தான் எந்நேரமும் "பாஸ் பாஸ்" என்று கத்துவது எனக்கு ஆகாது. அதற்கு மேல் மூன்றுக்கு மூன்று, கோல் கீப்பர் கிடையாது, பக்கத்துக்கு இரண்டாக நாலு சின்ன கோல், கல் வைத்தாலே போதும். ஒரு கோலை அடைத்தால் இன்னொன்று காலியாக இருக்கும், பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியும். இது என் கண்டுபிடிப்பில்லை, ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியர் 'ஃபுனினோ' என்று பெயர் வைத்துப் பரப்பியது. அவர் ஹாக்கி கோச்சாக இருந்தவர் என்பது வேடிக்கை. ஜெர்மனியில் 2024-25 சீசனிலிருந்து மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி ஆட்டங்கள்தான், புள்ளிப் பட்டியல் கிடையாது. நம்மூரிலோ பெரிய மைதானத்தில் எட்டு வயதுப் பிள்ளைகளைப் பதினொன்றுக்குப் பதினொன்று இறக்கி, வளர்ந்த பையன் ஒருத்தன் எல்லா கோலையும் அடிக்க, மற்றவர்கள் தும்பி பிடித்துக்கொண்டு நிற்பதை நானே ஒரு போட்டியில் பார்த்தேன்.

இரண்டு வருஷம் முன்னால் மே மாத வெயில் தாங்காமல் பிள்ளைகளை ஏற்காடு கூட்டிப்போனேன். இருபது கொண்டை ஊசி வளைவில் இரண்டு பேர் வாந்தி. நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சரிவில் அங்கிருந்த பிள்ளைகளோடு ஆடினோம். பந்தை விட்டால் அது சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே உருண்டு காபிச் செடிக்குள் போய்விடும், விட்டவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும், அதுதான் அவர்கள் சட்டம். அந்தப் பிள்ளைகள் செருப்பில்லாமல் உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிறுத்தினார்கள், மேட்டுப் பக்கம் நிற்பவனுக்கே தள்ளினார்கள், ஒருத்தன் எப்போதும் பள்ளத்தில் காவல். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். எட்டு கோலுக்கு மேல் நாங்கள் எண்ணவில்லை.

இன்னொன்று, பந்தைப் பாருங்கள். அதில் 5 என்று போட்டிருந்தால் அது பெரியவர்கள் பந்து, 410 முதல் 450 கிராம். உங்கள் பையனுக்கு 3 போதும், எட்டு ஒன்பது வயதில் 4. தலையால் அடிக்கவும் இப்போது விடாதீர்கள். அமெரிக்காவில் 10 வயது வரைக்கும் அதை வேண்டாம் என்று 2015-லேயே முடிவு செய்துவிட்டார்கள், இங்கிலாந்திலும் 2020-லிருந்து ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் வேண்டாம் என்றுதான் வழிகாட்டுகிறார்கள்.

என்னிடமும் உங்கள் பையன் மாதிரி ஒருத்தன் இருந்தான், ஏழு மாதம் யாருக்கும் பந்து தரவில்லை. ஒரு நாள் இரண்டுக்கு ஒன்று ஆட்டத்தில் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். என்னடா என்று பார்த்தால், கூட்டாளி உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறான், இவன் காத்திருக்கிறான், பந்தைப் பிடுங்க வேண்டிய எதிரியும் இடுப்பில் கை வைத்தபடி காத்திருக்கிறான். லேஸ் கட்டி முடித்ததும் பாஸ் கொடுத்தான். அது நேராக முள்வேலிக்குப் போனது.