காலி வீதி ஜக்கட்டோடு பனிக்குப் போகலாமா?

அன்பின் அண்ணாவுக்கு,

கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். ஆறு வருடமாக மோட்டார்சைக்கிள் ஓடுகிறேன். வருகிற தை மாதம் அக்காவிடம் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்குப் போகிறேன். அங்கிருந்து கொலிங்வூட் புளூ மவுண்டனுக்கு ஸ்னோபோர்ட் (ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்குவது) பழகக் கூட்டிக்கொண்டு போவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். என்னிடம் நல்ல ரைடிங் ஜக்கட் இருக்கிறது. தோளிலும் முழங்கையிலும் டி3ஓ ஆர்மர், அதாவது அடியை வாங்குகிற கவசத் துண்டு, முதுகுக்குத் தனியாக ஒன்று. முழங்காலுக்குக் கட்டுகிற கவசம், முழுமுக ஹெல்மெட், கையுறை எல்லாம் உண்டு. இவ்வளவையும் காசு கொட்டி வாங்கிவிட்டு, ஒரு நாள் விளையாட்டுக்காக அங்கே போய் இன்னொரு தரம் வாங்க வேண்டுமா? தார் ரோட்டில் காப்பாற்றுகிற சாமான் பனியில் காப்பாற்றாதா? சுவிஸில் பனியில் விழுந்து கை முறிந்ததாக நீங்கள் ஒரு கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

க., கொட்டாஞ்சேனை

அன்பின் க.,

அந்த ஒரு வரியை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டீர்கள், முழுக்கதையையும் சொல்கிறேன்.

பேர்னில் எனக்கு இரண்டாவது மாரிகாலம். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த பெடியன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு இழுத்துக்கொண்டு போனான். பனிக்கு உடுக்க என்னிடம் எதுவும் இல்லை. இருந்தது பழைய மோட்டார்சைக்கிளோடு சேர்த்து வாங்கிய லெதர் ஜக்கட். தோள், முழங்கை, முதுகு எல்லாவற்றிலும் கடினமான கவசம். முழங்காலுக்கும் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது யுத்தத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தது. மலையில் முதல் அரைமணி நேரமும் பனியில் உட்கார்ந்ததுதான் மிச்சம். லெதர் ஊறி, காற்றுப்பட்டு, மரப்பட்டை போல விறைத்துவிட்டது. கையை மடக்கவே பாடாய்ப் போயிற்று. ஒருவழியாக எழும்பி நாலு மீட்டர் போயிருப்பேன், பலகையின் விளிம்பு பனியில் குத்தியது. கால் இரண்டும் பலகையோடு கட்டியிருக்கிறது, எடுத்து வைக்க வழியில்லை. முன்னுக்கு விழுந்தபோது உள்ளங்கையை ஊன்றினேன். இடது மணிக்கட்டு. உடம்பில் கவசம் இல்லாத இடம் அது ஒன்றுதான். ஆறு கிழமை மா போட்டுக் கட்டியிருந்தேன். ஒற்றைக் கையால் கோப்பை கழுவ முடியாது என்பது முதலாளிக்கு உடனே விளங்கிவிட்டது.

ஸ்னோபோர்ட் பழகுகிறவர்களுக்கு அதிகம் முறிகிற இடமே மணிக்கட்டுதான். இரண்டு பலகையில் சறுக்குகிற ஸ்கீ ஆட்களுக்கு முழங்கால் போகும், போர்ட் ஆட்களுக்குக் கை போகும். உங்கள் பட்டியலில் கையுறை இருக்கிறது, மணிக்கட்டுக் கவசம் இல்லை. மோட்டார்சைக்கிள் கையுறை உள்ளங்கைத் தோலைத் தாரில் உரியவிடாமல் காக்கும், விரல் மொளிக்கு ஓடு வைத்திருக்கும். மணிக்கட்டு பின்பக்கம் மடங்குவதை அது தடுக்காது. ஸ்னோபோர்ட்டுக்கென்று செய்கிற மணிக்கட்டுக் கவசத்தில் ஒரு நீளத் தகடு இருக்கும், அடியை முன்னங்கைக்குப் பகிர்ந்து கொடுக்கும். இதற்கென்றே ஐஎஸ்ஓ 20320 என்று 2020இல் ஒரு தரநிர்ணயம் வந்திருக்கிறது. உங்கள் காசில் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். அதன் மேலே போட ஒரு அளவு பெரிய, நனையாத கையுறை. கவசம் போட்டாலும் விழும்போது விரலை விரித்து ஊன்றாதீர்கள். கையைப் பொத்தி, முன்னங்கையால் விழப் பழகுங்கள். அத்தானிடம் சொல்லி முதல் பத்து நிமிடம் விழுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள்.

இனி ஜக்கட். மோட்டார்சைக்கிள் உடுப்புக்கு இரண்டு வேலை. ஒன்று, தாரில் இழுபடும்போது கிழியாமல் நிற்பது. மற்றது, அடியை வாங்குவது. முதல் வேலைக்காகத்தான் துணியும் லெதரும் அந்தத் தடிப்பு, அந்த விலை. பனியில் உரசல் என்பதே சொற்பம். அந்தத் தடிப்புக்கு அங்கே வேலை கிடையாது. பனியில் துணி செய்ய வேண்டியது நனையாமல் இருப்பதும் வியர்வையை வெளியே விடுவதும். பழகுகிறவனுக்கு வியர்வை ஆறாக ஓடும், தம்பி. விழுவதும் எழும்புவதும் சாதாரண வேலையில்லை. பிறகு அந்த வியர்வையோடு, கம்பியில் தொங்குகிற திறந்த கதிரை லிஃப்டில் குந்திக்கொண்டு மேலே போகும்போது சைபருக்குக் கீழே பத்துப் பாகையில் காற்று அடிக்கும். கொழும்பு வெயிலுக்கென்று வாங்கிய வலை ஜக்கட் என்றால் அந்தக் காற்று நேரே நெஞ்சுக்குள் போகும். அதுபோக ரைடிங் ஜக்கட்டின் வெட்டே குனிந்து கைப்பிடியைப் பிடித்திருக்கிற உடம்புக்கானது. பனி ஜக்கட்டில் இடுப்பைச் சுற்றி உள்ளே ஒரு பாவாடை இருக்கும், விழும்போது பனி மேலே ஏறாது. உங்களுடையதில் ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு கோப்பை ஐஸ் முதுகுக்குள் போகும். ஜக்கட் கொழும்பிலேயே நிற்கட்டும். ஸ்காபரோவில் பனி ஜக்கட் இரவல் கிடைக்காத வீடு இருக்கிறதா என்ன? அத்தானுடையது கொஞ்சம் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது, உள்ளே ஆர்மருக்கு இடம் வேண்டும்.

ஆமாம், ஆர்மரைக் கொண்டுபோகலாம். உங்கள் கேள்வியில் பாதி சரி என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான்.

துண்டுகளைக் கழற்றிப் பாருங்கள். ஒரு மோட்டார்சைக்கிள்காரன் படமும் 1621-1 என்ற எண்ணும் இருக்கும். அந்த ஐரோப்பியத் தரத்தில் 50 ஜூல் அடி கொடுத்துப் பார்க்கிறார்கள். ஐந்து கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்ட மாதிரி. முதல் நிலை என்றால் அந்தப் பக்கம் போய்ச் சேரும் விசை சராசரி 35 கிலோநியூட்டனுக்கு மேல் போகக்கூடாது, இரண்டாம் நிலை என்றால் 20. முதுகுக்கு 1621-2, அங்கே கணக்கு இன்னும் கடுமை: முதல் நிலைக்கு 18, இரண்டாம் நிலைக்கு 9. பனிச்சறுக்குக் கடையில் விற்கிற பல முதுகுக் கவசங்களிலும் இதே 1621-2தான் அச்சடித்திருக்கும். தோளும் முதுகும் எதில் மோதின என்று ஆர்மர் விசாரிப்பதில்லை. இறுகிய பனி கிட்டத்தட்ட சீமெந்துத் தரைதான். ஒன்ராறியோவில் மெஷினால் தூவிய பனி, பகலில் இளகி இரவில் உறைந்தால் கேட்கவே வேண்டாம். (புளூ மவுண்டன் அடிக்கும் உச்சிக்கும் வித்தியாசம் 220 மீட்டர்தான். பெயர் மலை. ஹட்டன் ஆட்கள் பார்த்தால் மேடு என்பார்கள். உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், விழுகிற உயரம் எப்போதும் உங்கள் உயரம்தான்.)

டி3ஓ பற்றி ஒரு தகவல். கையில் எடுத்தால் இளகி, அடித்தால் இறுகுகிற இந்தச் சாமானைக் கண்டுபிடித்த ரிச்சர்ட் பால்மர் என்ற ஆங்கிலேயர் தானே ஒரு ஸ்னோபோர்ட்காரர். 2006 டுரின் மாரிகால ஒலிம்பிக்கில் அமெரிக்க, கனடிய ஸ்கீ வீரர்களின் உடுப்பில் இது இருந்தது. ஆக, உங்கள் ஆர்மர் பனிக்குப் புதிதில்லை. ஆனால் குளிரில் இந்த வகைச் சாமான் விறைக்கும். துண்டில் ‘T’ எழுத்துக்குப் பக்கத்தில் கழித்தல் குறி இருந்தால் சைபருக்குக் கீழே 10 பாகையிலும் சோதித்தது என்று அர்த்தம். இல்லாவிட்டாலும், பனி ஜக்கட்டுக்கு உள்ளே உடம்போடு ஒட்டி இருந்தால் உடம்புச் சூடே அதை இளக வைத்திருக்கும்.

ஒட்டி இருக்க வைப்பதுதான் கரைச்சல். தொளதொள ஜக்கட்டுக்குள் சும்மா செருகினால் விழும்போது முழங்கை ஒரு பக்கம், ஆர்மர் ஒரு பக்கம். பை வைத்த இறுக்கமான ஆர்மர் சட்டை வாங்கலாம். நான் என்றால் இறுக்கமான நீளக்கைப் பெனியன் ஒன்றை வெள்ளவத்தையில் நம்முடைய தையல்காரரிடம் கொடுத்து வலைத்துணியில் நாலு பை வைக்கச் சொல்வேன். அளவெடுக்கும்போது முழங்கையை மடக்கிக்கொண்டு நில்லுங்கள். அவர் ஏன் எதற்கென்று கேட்பார், பனிக்கு என்று சொன்னால் இன்னும் அதிகம் கேட்பார்.

முழங்கால் கவசத்தை அப்படியே கொண்டுபோங்கள், தளர்ந்த பனிக் காற்சட்டைக்குள் கட்டலாம். பனியில் மண்டியிட்டுப் பட்டி கட்டும்போதும் உதவும். உங்கள் பட்டியலில் விட்டுப்போன இன்னொரு இடம் வால் எலும்பு. பின்பக்க விளிம்பு குத்தினால் நேரே குந்துவது அதில்தான். மெத்தை வைத்த அரைக்காற்சட்டை விற்கிறார்கள். வெட்கப்படாமல் வாங்குங்கள். திரும்பி வரும்போது பிளேனில் நீண்ட நேரம் உட்கார வேண்டும்.

ஹெல்மெட்டையும் வீட்டில் வையுங்கள். அடி தாங்குகிற கணக்கில் அது தோற்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஐரோப்பியத் தரத்தில் ஸ்கீ ஹெல்மெட்டை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுச் சோதிக்கிறார்கள், மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டுக்குப் படுகிற அடி அதைவிடப் பெரிது. ஆனால் ஒன்றரைக் கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க விழுந்தெழும்பினால் மறுநாள் கழுத்து திரும்பாது. ஸ்கீ ஹெல்மெட் பெரும்பாலும் அரைக்கிலோ சொச்சம்தான். மூச்சிரைக்கும்போது முன்கண்ணாடி புகை பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, காது அடைத்துவிடும். சரிவில் பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும் என்பது விதி, ஆனாலும் பலகை பனியைச் சுரண்டிக்கொண்டு வருகிற சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும். ஸ்கீ ஹெல்மெட்டை அங்கேயே ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆர்மரைக் கழற்றும்போது எந்தத் துண்டு எந்தப் பையில் எந்தப் பக்கமாக இருந்தது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். நான் ஒரு முறை துவைக்கக் கழற்றியதைத் திருப்பிப் போட மறந்து, மூன்று மாதம் வெறும் துணியோடு காலி வீதியில் ஓடித் திரிந்திருக்கிறேன். தெரிய வந்தது பம்பலப்பிட்டிச் சந்தியில், முழங்கையைச் சொறிந்தபோது.

அன்புடன்,
அண்ணா