13ஆம் நம்பர் ஸ்பனரும் அப்பாவின் மொரிஸ் மைனரும்

உவர்மலை வாசகர்: அப்பாவின் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர். முன் சில்லில் சத்தம் கேட்டு கராஜில் விட்டேன். "பற்றரி வயரும் மாறிக் கிடந்தது, சரியாக்கிவிட்டோம்" என்று 18,000 ரூபாய் வாங்கினார்கள். அதிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. அப்பா பிற்காலத்தில் பூட்டிய ரேடியோவும் ஊமை. கேட்டால், "பழைய கார்தானே ஐயா, அப்படித்தான்" என்கிறார்கள். இரண்டு மாதமாகிறது.

வயர் மாறிக் கிடக்கவில்லை ஐயா. உங்கள் காருக்கு அதுதான் சரி. மைனரில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் இரும்பு பொடியில் பூட்டியிருக்கும். பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் துருவத்தை மாற்றாமல் பற்றரியை மட்டும் திருப்பினால் சார்ஜ் ஏறாது, அந்தச் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பொயின்ட் கருகும், ட்ரான்சிஸ்டர் ரேடியோ போய்விடும். முதலில் பற்றரி வயரைக் கழற்றி வையுங்கள். விஷயம் தெரிந்த ஒருவர் ரெகுலேட்டரைத் திறந்து பார்க்கும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

பொனட்டைத் திறந்து நட்டுத் தலைகளையும் ஒருதரம் பாருங்கள். மூலை மழுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காரின் நட்டுகள் இஞ்சிக் கணக்கு. அரை இஞ்சி என்றால் 12.7 மில்லிமீற்றர். எங்கள் ஆட்கள் 13ஆம் நம்பர் ஸ்பனரை மாட்டி இழுப்பார்கள். அது வழுக்கும், வழுக்கினால் குறடு வரும், குறடும் வழுக்கினால் உளி வரும். ஒரு செட் இஞ்சி ஸ்பனர் வாங்க மனமில்லாதவர் எதற்காக மைனரில் கை வைக்கிறார்? "தெரியாது, கொண்டு போங்கள்" என்று சொல்வது அவ்வளவு கஷ்டமா? அறுபது வருஷம் ஓடிய காரைப் பழசு என்று பழி சொல்கிறார்கள். அதைக் கெடுத்தது இரண்டு மாதத்துக்கு முன் பட்ட கைதானே!

இனிக் காசு விஷயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கூலி வாங்கிச் செய்யும் வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். முறைப்பாட்டை வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதந்தான் இருக்கிறது. அவர்களின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்து விசாரியுங்கள், ஆனால் போனோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். பில், படங்கள், இன்னொரு மெக்கானிக்கின் எழுத்து மூன்றையும் சேர்த்து வையுங்கள். மத்தியஸ்த சபைக்கும் போகலாம், சட்டத்தரணி தேவையில்லை. அப்பாவின் ரேடியோவுக்கு எந்தச் சபையும் பதில் சொல்லாது. அதுதான் எனக்கும் வயிற்றெரிச்சல்.

உப்புவெளி வாசகர்: பழைய ஹொண்டா சி90 ஒன்றுக்குப் படத்தை மட்டும் பார்த்து 40,000 அட்வான்ஸ் போட்டேன். ஆள் இப்போது போன் எடுப்பதில்லை.

பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். அடுத்த முறை பைக்கைப் பார்த்துவிட்டுக் காசைப் பாருங்கள்.

நிலாவெளி வாசகி: வீடு கடற்கரையோடு. மைனர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, பெயின்ட் பளபளக்கிறது. வாங்கலாமா தம்பி?

அந்தப் பளபளப்புக்குத்தான் அக்கா நானும் விழுந்தேன். கந்தளாயில் ஒருவரிடம் ஒஸ்டின் ஏ40 வாங்கினேன். மூன்றாம் நாள் மழை, கால் வைக்கிற இடத்தில் தண்ணீர். பாயைத் தூக்கினால், பிஸ்கட் தகரத்தை வெட்டி ஒட்டிக் கறுப்பு அடித்திருந்தார்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் பிஸ்கட்டின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம்.

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டு போங்கள். கதவுக்குக் கீழ்ப் பக்கம், பின் ஸ்பிரிங் பூட்டும் இடம் எல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டிதான் இருக்கிறது. முன் சில்லைத் தாங்கித் திரும்ப விடும் மூட்டான கீழ் ட்ரன்னியனுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடித்தார்களா என்றும் கேளுங்கள். அது தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடங்கும். உப்புக்காற்றில் வைத்திருக்கக் கூரையுள்ள ஷெட் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கிண்ணியா வாசகர்: போன வருஷம் பழைய பீஎஸ்ஏ பைக்கின் எஞ்சினைப் பிரிக்கக் கொடுத்தேன். தெரிந்த பையன் என்பதால் எழுத்துத் துண்டு எதுவும் வாங்கவில்லை. இப்போது காபரேட்டர் இருக்கவேயில்லை என்கிறான்.

கொடுக்கும்போது படம் ஏதாவது எடுத்தீர்களா? அதுவும் இல்லையென்றால் எனக்கு எழுதி என்ன பயன், அவனுடைய வாப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள்.